மகேஸ் கறித்தூள் சைக்கிளோட்ட அணியின் எழுச்சியும் இறக்கமும்

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. நல்லூர் முருகன் மேலும் மடு மாதா மேலும் சத்தியம். இருவரையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொள்ள எந்த யாழ்ப்பாணத்தானும் துணிய மாட்டான் என்பது தெரிந்த விஷயம். அதுவும் காணாது என்பவர்களுக்காக, ஒன்ராறியோ மாகாணம் படத்தோடு அடித்துக் கொடுத்த சாரதி அனுமதிப்பத்திரத்தின் மேலும் சத்தியம். கூட்டிச் சொன்னது ஒன்றும் கிடையாது. நம்பமாட்டார்களே என்று பயந்து இரண்டொரு இடத்தில் குறைத்துச் சொல்லியிருக்கிறது. அதற்கு மட்டும் மன்னிக்க வேண்டும்.

தொண்ணூற்றிரண்டு முதல் தொண்ணூற்றுநாலு வரை, மூன்று கோடைகாலம், ரொறன்ரோவில் ஒரு தமிழ்த் தொழில்முறைச் சைக்கிளோட்ட அணி இருந்தது. தொழில்முறை என்றால், ஞாயிற்றுக்கிழமை வயிற்றைக் குறைக்கப் புறப்படுகிற கூட்டம் அல்ல. உரிமப் பத்திரம், முதுகில் நம்பர், பெயர் அடித்த சட்டை, பின்னால் ஊர்ந்து வருகிற கார் எல்லாம் உள்ள அசல் அணி. அதன் தலைமையகம் நகரின் வெக்ஸ்போர்ட் பகுதியில் மகேஸ்வரனுடைய கறித்தூள் மில்லின் பின்வாசல்.

அணியின் முதல் வீரர் செல்வரட்ணம். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. மட்டைப்பெட்டி செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை. பெட்டியின் மூன்று மூடிகளை மெசின் மடித்துவிடும். நாலாவது மூடியை செல்வரட்ணம் மடிப்பார். எட்டு மணித்தியாலம் நாலாவது மூடி. வீட்டுக்கு வந்து சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் வலது கை தன்பாட்டில் எதையாவது மடித்துக்கொண்டிருக்கும். அவர் மனைவி அருள்மலர் மேசையிலிருந்த துவாய்களையெல்லாம் எடுத்து ஒளித்து வைத்தார்.

அதைக்கூடச் செல்வரட்ணம் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது அருள்மலரின் தமையன் இராசரத்தினம். இராசரத்தினம் ரொறன்ரோவை அடுத்த மார்க்கம் நகரில் இரண்டு கராஜ் வைத்த தனிவீட்டில் இருந்தார். அலுவலகங்களைத் துப்புரவாக்குகிற கொம்பனி ஒன்று சொந்தமாக நடத்தினார். சனிக்கிழமை தோறும் யாராவது ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் வரும். எல்லோரும் கேக் தட்டைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் கேட்பார்.

"மச்சான், இப்ப என்ன செய்யிறியள்?"

"பெட்டி மடிக்கிறன்."

"முழுப் பெட்டியுமோ?"

"நாலாவது மூடி."

"ஆ, நாலாவதோ!" என்று இராசரத்தினம் கூடியிருந்தவர்களைத் திரும்பிப் பார்ப்பார். போன சனிக்கிழமையும் இதே கேள்வியைத்தான் கேட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சிரிப்பார்கள். கேக் அவருடைய வீட்டுக் கேக்.

இப்படியிருக்கையில் ஒருநாள் செல்வரட்ணம் இரண்டு இறாத்தல் கறித்தூள் வாங்க மகேஸ்வரனின் மில்லுக்குப் போனார். மகேஸ்வரன் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். வான் பழுது. மார்க்கத்துக் கடைக்கு நூறு கிலோ தூள் உடனே போக வேண்டும்.

"நான் கொண்டுபோய்க் குடுத்திட்டு வாறன்" என்றார் செல்வரட்ணம்.

"எதிலை?"

"சைக்கிளிலை."

வான் போய்வர ஒரு மணித்தியாலம் எடுக்கும். செல்வரட்ணம் நூறு கிலோவைக் கட்டிக்கொண்டு போய், இறக்கிவிட்டு, வழியில் தெரிந்த ஒருவரின் மகளுக்குச் சம்பந்தம் சரிவந்ததா என்று நின்று விசாரித்துவிட்டு, முப்பத்தொரு நிமிடத்தில் திரும்பி வந்தார். மகேஸ்வரன் கடைக்குப் போன் அடித்துத் தூள் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றார்கள், சாக்கு இன்னும் சூடாக இருக்கிறது என்றார்கள்.

செல்வரட்ணத்துக்கு இது பெரிய காரியமாகத் தெரியவில்லை. ஊரில் பெற்றோல் இல்லாத காலத்தில் சைக்கிள்தான் லொறி, சைக்கிள்தான் அம்புலன்ஸ். ஒருமுறை கல்யாண வீடொன்றுக்கு மணவறையையும் மாப்பிள்ளையையும் ஒரே ஓட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். மணவறை கரியரில், மாப்பிள்ளை பாரில், தலைப்பாகை மாப்பிள்ளையின் மடியில். முகூர்த்தத்துக்கு ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது.

மகேஸ்வரன் வியாபாரி. அந்தக் கோடையில் தொலைக்காட்சியில் பிரெஞ்சுக்காரரின் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்தவர்.

"உவங்களின்ரை சட்டையளைப் பாத்தனீரே?" என்று கேட்டார். "ஒருத்தன்ரை முதுகிலை காசு போடுற பாங்கு, மற்றவன்ரை முதுகிலை சோப்பு. உதுகளிலை ஏன் ஒரு கறித்தூள் இருக்கக் கூடாது?"

அப்படித்தான் அணி பிறந்தது. செல்வரட்ணத்தோடு இன்னும் மூன்று பேர் சேர்ந்தார்கள். எட்வேட் மூத்தவர், நாற்பத்தைந்து. கீதனுக்கு முப்பத்துமூன்று. றோய் கடைக்குட்டி, இருபத்தேழு. நாலு பேரும் ஊரில் ஒரே பள்ளிக்கூடம். வேறு வேறு காலத்தில் ஒரே வாங்குப் பலகையில் உட்கார்ந்து ஒரே பிரம்படி வாங்கியவர்கள். "ஒரு பள்ளிக்கூடம் எண்டால் ஒற்றுமை இருக்கும்" என்று மகேஸ்வரன் வேண்டுமென்றே அப்படித் தெரிவு செய்தார். பிற்பாடு அவர் தன் வாழ்க்கையில் செய்த ஒரே பிழை அதுதான் என்று சொல்வார்.

உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது, வீரர்கள் ஊதியம் பெறுகிறார்களா என்று ஒரு கேள்வி இருந்தது. ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ வறுத்த தூள் என்று மகேஸ்வரன் எழுதினார். சைக்கிளோட்டச் சம்மேளனத்தில் இதைப் பற்றி ஒருநாள் முழுக்க யோசித்தார்களாம். ஊதியம் வாங்க வேண்டும் என்று விதியில் இருந்தது; எதில் வாங்க வேண்டும் என்று இல்லை. உரிமம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. மூன்று பருவத்துக்குள் ஒரு பந்தயத்திலாவது அணியில் ஒருவர் முதல் மூன்று இடங்களுக்குள் வர வேண்டும். வராவிட்டால் உரிமம் போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை மார்க்கத்தில் கேக் வெட்டினார்கள்.

"மச்சான், இப்ப என்ன செய்யிறியள்?"

"சைக்கிளோட்ட வீரர். தொழில்முறை" என்றார் செல்வரட்ணம். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். படத்தோடு இருந்தது. அட்டை கைக்குக் கை போய் முழு வீட்டையும் சுற்றி வந்தது. இராசரத்தினம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் கேக் சாப்பிடவில்லை.

முதற் பருவம் அவ்வளவு சரியாக அமையவில்லை. தெருப்பந்தயத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முன்னால் போகிறவன் காற்றை வெட்டிக் கொடுக்க, பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவன் பலத்தை மிச்சம் பிடித்து, கடைசியில் பாய்ந்து வெல்வான். இதற்கு வரிசையாக ஓட வேண்டும். எங்கள் ஆட்களால் அது முடியவில்லை. நாலு பேரும் பக்கத்துக்குப் பக்கமாகத்தான் ஓடினார்கள். ஏன் என்று மகேஸ்வரன் காரிலிருந்து கத்தினார்.

"முதுகைப் பாத்துக் கதைக்கிறது மரியாதையில்லையே அண்ணை" என்றார் கீதன்.

"கதைக்காதேங்கோவன்ரா!"

"நூற்றைம்பது கிலோமீற்றர் கதையாமல் போறதோ? கோவமெண்டெல்லோ நினைப்பினம்!"

அந்த வருடம் ஓடிய ஏழு பந்தயத்திலும் நாலு பேரும் கடைசியாக, கை கோத்ததுபோல ஒரே கோட்டில் வந்தார்கள்.

இரண்டாம் பருவத்தில் செல்வரட்ணம் ஒரு குறையைக் கண்டுபிடித்தார். பந்தயச் சைக்கிளில் கரியர் இல்லை. பாரம் இல்லாத சைக்கிள் காற்றில் கடதாசிபோல ஆடுகிறது, கால் எங்கே ஊன்றுவது என்று தெரியவில்லை. ஆகவே நாலு சைக்கிளுக்கும் கரியர் ஒட்டி, ஆளுக்கு இருபத்தைந்து கிலோ கறித்தூள் கட்டினார்கள். அதை மறுக்கவும் விதியில் இடம் இருக்கவில்லை. அந்தக் கோடையில் அவர்கள் பறந்தார்கள். பிக்கரிங் பக்கம் நடந்த முதற் பந்தயத்தில் பாதி வழியிலேயே நாலு பேரும் எல்லோருக்கும் முன்னால். முடிவு நெருங்கும்போது றோயின் சாக்கு ஒரு பள்ளத்தில் குலுங்கி வெடித்தது.

நல்ல வறுவல் தூள். அன்றைக்குத்தான் அரைத்தது. பின்னால் வந்த ஐம்பத்திரண்டு வீரர்கள் அந்தச் சிவப்பு மேகத்துக்குள் போனார்கள். இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் பெற்ற தாயைக் கூப்பிட்டுக்கொண்டும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். முடிவுக் கோட்டுக்கு இன்னும் பதினைந்து கிலோமீற்றர். எங்கள் ஆட்கள் சும்மா உருட்டிக்கொண்டு போயிருந்தாலே நாலு இடமும் கிடைத்திருக்கும். ஆனால் எங்கள் சாமானால் வந்த வினை, விட்டுவிட்டுப் போகலாமா? நாலு பேரும் திரும்பி வந்து, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்து, ஐம்பத்திரண்டு பேருக்கும் கண் கழுவிவிட்டார்கள். பந்தயம் கைவிடப்பட்டது. அந்த வாரம் அறியாத தெருக்களிலிருந்தெல்லாம் வெள்ளைக்காரர் மில்லுக்கு வந்து தூள் வாங்கிக்கொண்டு போனார்கள். ஆனால் சம்மேளனம் சாக்குக்குத் தடை போட்டுவிட்டது.

மூன்றாம் பருவமும் முடியப்போனது. தொண்ணூற்றுநாலு செப்டெம்பர். எஞ்சியிருந்தது ஒரே பந்தயம். அதுவும் வெக்ஸ்போர்ட்டிலேயே, மில்லுக்கு முன்னால் போகிற தெருவில். அதற்கு முதல்நாள் சனிக்கிழமை. இராசரத்தினத்தின் மகள் சிவானிக்குப் பிறந்தநாள்.

"மச்சான்" என்றார் இராசரத்தினம், கேக் தட்டுகள் எல்லோர் கையிலும் சேர்ந்த பிறகு. "நாளையோடை உந்த அட்டை காலாவதியாம். அதுக்குப் பிறகு என்ன செய்யிறதா யோசனை?"

"நாளைக்கு வெல்லுவன்."

"மூண்டு வரியமாக் கேள்விப்படுறம்."

"வெல்லாட்டி" என்று செல்வரட்ணம் எழுந்து நின்றார். அருள்மலர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அந்த இழுப்புப் போதவில்லை. "வெல்லாட்டி, திங்கக்கிழமை விடிய வந்து உங்கடை கொம்பனியிலை வக்யூம் கிளீனர் தள்ளுறன்!"

இராசரத்தினம் கேக்கைக் கீழே வைத்தார்.

"யூனிபோம் அளவு என்ன? மீடியமோ, லார்ஜோ?"

காரில் திரும்பி வரும்போது அருள்மலர் கேட்டார். "இஞ்சாருங்கோ, அண்ணைக்கு முன்னாலை ஏன் வாயைக் குடுத்தனீங்கள்?"

செல்வரட்ணம் தெருவைப் பார்த்தபடி காரை ஓட்டினார். வக்யூம் கிளீனர் தள்ளுவதில் ஒரு வெட்கமும் இல்லை. நாலாவது மூடியைவிட அது மேல். ஆனால் அடுத்த சனிக்கிழமை கேள்வியே இருக்காது. "மச்சான் இப்ப என்னட்டைத்தான் வேலை செய்யிறார்" என்று பதில்தான் இருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமையும். சாகும்வரை.

ஞாயிறு காலை மகேஸ்வரன் நாலு பேரையும் வரிசையாக நிற்க வைத்துக் கும்பிட்டார்.

"இண்டைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். ஒருத்தரும் கதைக்கக் கூடாது. எட்வேட் அண்ணை முன்னுக்கு, பிறகு கீதன், பிறகு றோய், கடைசியிலை செல்வரட்ணம். காத்தை வெட்டிக் குடுங்கோ. கடைசிச் சுற்றிலை இவரை விடுங்கோ."

நாலு யாழ்ப்பாணத்தார் நாலு மணித்தியாலம் வாய் திறக்காமல் ஓடினார்கள். இதை நம்பாதவர்கள் இருக்கக்கூடும். மேலே செய்த சத்தியத்தை இன்னொருமுறை வாசிக்கவும். கடைசிச் சுற்றில் எட்வேட் தோளைச் சரித்து வழிவிட, செல்வரட்ணம் பாய்ந்தார். மூன்று வருடமாக மடித்த நாலாவது மூடியெல்லாம் அந்தக் காலில் இருந்தது. லோறன்ஸ் அவெனியூவில் ஒரு பொலிஸ்காரர் வேகம் கூடிவிட்டதென்று கையைக் காட்டி, பிறகு முதுகிலிருந்த நம்பரைப் பார்த்துவிட்டு, கையை அப்படியே சலூட்டாக மாற்றிக்கொண்டார். பின்னால் வந்த கூட்டத்துக்கும் அவருக்கும் இடையில் ஏழு நிமிடம். முடிவுக் கோடு தெரிந்தது. மகேஸ்வரன் கோட்டுக்கு அப்பால் துள்ளிக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் தன் காரில் சாய்ந்தபடி, முகம் கறுத்து, இராசரத்தினம். இன்னும் முந்நூறு மீற்றர்.

அப்போது நடைபாதையில் ஒரு முதியவர் மரக்கறிப் பையோடு நடந்து போய்க்கொண்டிருந்தார். பைக்கு வெளியே முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. வெள்ளை வேட்டி, அதன்மேல் மகள் வாங்கிக் கொடுத்த குளிர்ச்சட்டை.

செல்வரட்ணத்தின் கால்கள் நின்றன. மூளைக்கு ஒன்றும் தெரியாது. கால்களுக்குத் தெரிந்துவிட்டது. வின்சன்ற் மாஸ்ரர்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. சைக்கிளில் போகிற மாணவன் ஆசிரியரைக் கண்டால் இறங்க வேண்டும். இறங்கி, அவர் கண்ணிலிருந்து மறையும்வரை உருட்டிக்கொண்டு போக வேண்டும். யாரும் எழுதி ஒட்டியதில்லை. இறங்காமல் போனவன் ஒருவன் இருந்தான். அவன் மறுநாள் பட்டது ஊரில் எல்லோருக்கும் தெரியும். செல்வரட்ணம் சைக்கிளை விட்டு இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, இறுக்கமான காற்சட்டையை முழங்கால்வரை இழுத்துவிடப் பார்த்தார். அது வரவில்லை.

மாஸ்ரர் நின்றார். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"ஆரடா உது? செல்வரட்ணமே?"

"ஓம் மாஸ்ரர். எப்ப வந்தனீங்கள்?"

"மூண்டு கிழமை. மகள் செலீனிட்டை நிக்கிறன். உதென்னடா கோலம்? காற்சட்டை போடாமல் வெளிக்கிட்டிட்டியே?"

"இதுதான் மாஸ்ரர் காற்சட்டை."

"ம்." மாஸ்ரர் நம்பவில்லை. "எங்கையோ அவசரமாப் போறாய் போலை."

செல்வரட்ணத்தின் பின்னால் ஏழு நிமிடத்தில் ஐம்பத்தெட்டு வீரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் முந்நூறு மீற்றரில் மார்க்கத்து யூனிபோம் காத்திருந்தது. ஓம் மாஸ்ரர், அவசரம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆனால் ஒரு மாஸ்ரரின் முகத்துக்கு நேரே எனக்கு அவசரம், உங்களோடு நிற்க நேரமில்லை என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். அந்த வாய் அவருக்குப் படைக்கப்படவில்லை.

"இல்லை மாஸ்ரர். சும்மா."

"அப்ப நல்லதாப் போச்சு" என்று மாஸ்ரர் மரக்கறிப் பையைச் சைக்கிளின் ஹான்டிலில் கொழுவினார். "பஸ் எங்கை நிக்கும்? காட்டிவிடு. கதைச்சுக்கொண்டு போவம்."

பஸ் தரிப்பு முடிவுக் கோட்டுக்கு அப்பால் இருந்தது. பந்தயத்துக்காகப் பஸ்ஸை வேறு தெருவால் திருப்பிவிட்டிருந்தார்கள். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் பொய் சொன்னது தெரிந்துவிடும். செல்வரட்ணம் அரை அடி பின்தள்ளி நடந்தார். மாஸ்ரருக்கு எழுபத்துநாலு வயது. நடந்துகொண்டே பேச அவருக்கு வராது. ஒவ்வொரு வசனத்துக்கும் நின்றார்.

கோட்டுக்கு அப்பால் மகேஸ்வரன் இரண்டு கையையும் விசிறிக்கொண்டு கத்தினார்.

"உவர் ஆர் குதிக்கிறவர்?"

"எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மாஸ்ரர்."

"சுகமில்லையோ?"

"கொஞ்சக் காலமா இப்பிடித்தான்."

இருந்தாலும் செல்வரட்ணம் நம்பிக்கை இழக்கவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு கோட்டைக் கடந்தாலும் கணக்குத்தான், விதியில் இருக்கிறது. மாஸ்ரருக்கு முன்னால் நடக்க முடியாது. ஆனால் தான் அரை அடி பின்னால் நடந்தாலும், முன்சில்லு தனக்கு இரண்டரை அடி முன்னால் போகிறது. ஆகவே மாஸ்ரரை முந்தாமலே சில்லு முந்தும். மாஸ்ரர் படிப்பித்த கணக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கைகொடுத்தது.

கோட்டுக்கு இருபது மீற்றர் இருக்கும்போது பின்னால் இரைச்சல் கேட்டது. கூட்டம் வந்துவிட்டது. அதன் முன்வரிசையில், செல்வரட்ணம் தப்பிப் போகட்டும் என்று மற்றவர்களை மறித்துக்கொண்டு, எட்வேட், கீதன், றோய். மூவரும் ஒரே கணத்தில் வேட்டியைக் கண்டார்கள். மூவரும் நடுத்தெருவில் இறங்கினார்கள்.

பின்னால் வந்த ஐம்பத்தைந்து பேரும் பிறேக் பிடித்தார்கள். முன்னால் போகிறவன் வெற்றிக்கு இருபது மீற்றரில் இறங்கி நடக்கிறான். அவனுடைய அணியும் இறங்கிவிட்டது. ஏதோ பெரிய விஷயம், பந்தயத்தை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது என்று கியூபெக்காரர் ஒருவர் இறங்கினார். அவரைப் பார்த்து எல்லோரும் இறங்கினார்கள். பந்தயச் சப்பாத்துகள் தாரில் டக் டக்கென்று அடிக்க, ஐம்பத்தெட்டுப் பேர் சைக்கிளை உருட்டிக்கொண்டு, மௌனமாக, மாஸ்ரருக்குப் பின்னால் நடந்தார்கள்.

மாஸ்ரர் திரும்பிப் பார்த்தார்.

"எட்வேட்டும் நிக்கிறான். உந்த வெள்ளைப் பிள்ளையள் ஆரிட்டைப் படிச்சவங்கள்?"

"அவை வேறை பள்ளிக்கூடம் மாஸ்ரர்."

"வேறையெண்டாலும் பார், இறங்கி நடக்குதுகள். நல்ல வளர்ப்பு."

மாஸ்ரர் முன்னால் நடந்து கோட்டை நெருங்கினார். செல்வரட்ணத்தின் முன்சில்லு கோட்டுக்கு ஒரு சாண். மாஸ்ரர் கையை நீட்டி ஹான்டிலைப் பிடித்து நிறுத்தினார்.

"பொறடா. வெள்ளைக் கோடு. இஞ்சை வெள்ளைக் கோட்டைக் கண்டால் நிக்கவேணும் எண்டு செலீன் சொன்னவள்."

"இது அந்தக் கோடில்லை மாஸ்ரர்."

"எனக்குக் கோடு தெரியாதோ?" மாஸ்ரர் மறுபடி பின்னால் பார்த்தார். ஐம்பத்தெட்டு முகங்கள், வியர்வையும் பதற்றமுமாக. "பாவங்கள், எங்கையோ போறதுக்கு வெளிக்கிட்டதுகள். தள்ளி நில். அவங்களை முதல் விடு."

"மாஸ்ரர்…"

"உனக்குத்தான் அவசரமில்லையே? நீதானே சொன்னனீ?"

செல்வரட்ணம் மகேஸ்வரனைப் பார்த்தார். மகேஸ்வரன் குதிப்பதை நிறுத்தித் தரையில் உட்கார்ந்திருந்தார். இராசரத்தினத்தைப் பார்த்தார். அவர் காரின் பின்கதவைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். செல்வரட்ணம் சைக்கிளை ஓரத்துக்கு இழுத்து, வலது கையை நீட்டி, "போங்கோ" என்றார்.

ஐம்பத்தைந்து பேரும் போனார்கள். ஒவ்வொருவரும் நன்றி சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நாற்பது பேரை விட்டபிறகு மாஸ்ரருக்கும் கை நீட்டுவதில் உற்சாகம் வந்து, மிச்சப் பேரைத் தானே வழியனுப்பினார்.

கடைசியில் எங்கள் நாலு பேர்தான் மிச்சம்.

"செல்வரட்ணம், நீர் போம். முன்னுக்கு வந்தனீர்தானே" என்றார் எட்வேட்.

"சீச்சீ, நீங்கள் மூத்தவர் அண்ணை. நீங்கள் போங்கோ."

"பரவாயில்லை, நீர் போம்."

"உங்களை விட்டிட்டு நான் எப்பிடி?"

"ஆராவது போங்கோவன் அண்ணைமார்" என்றார் றோய். "நீங்கள் போனால்தானே நான் போகலாம்."

நடுவர் அரைமணித்தியாலம் பொறுத்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுப் போய்விட்டார். அதிகாரப் பதிவின்படி அந்தப் பந்தயத்தில் மகேஸ் கறித்தூள் அணியில் ஒருவரும் கோட்டைக் கடக்கவில்லை. அணியின் உரிமம் அன்று மாலை ஐந்து மணியோடு முடிந்தது.

இராசரத்தினம் சிரித்தபடி வந்தார். கையில் மடித்த யூனிபோம், நீல நிறம், மீடியம். வாயைத் திறந்து "என்ன மச்சான்" என்று தொடங்கியவர், செல்வரட்ணத்துக்குப் பக்கத்தில் நின்றவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். இராசரத்தினமும் அதே பள்ளிக்கூடம். கணக்கில் மூன்று முறை கோட்டை விட்டவர். யூனிபோம் முதுகுக்குப் பின்னால் போனது.

"இராசரத்தினமே? கையிலை என்னடா?"

"உடுப்பு மாஸ்ரர்."

"ஆருக்கு?"

"செல்வரட்ணத்துக்கு."

மாஸ்ரரின் முகம் மலர்ந்தது. "பாத்தியே, மச்சானுக்குக் காற்சட்டை இல்லையெண்டு ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறான். போடடா அதை முதல்."

செல்வரட்ணம் நடுத்தெருவில் யூனிபோமைப் போட்டுக்கொண்டார். நெஞ்சில் இராசரத்தினத்தின் கொம்பனிப் பெயர் இருந்தது. மாஸ்ரர் கண்ணாடியைத் தூக்கி அதை எழுத்தெழுத்தாக வாசித்தார்.

"உது உன்ரை கொம்பனியே?"

"ஓம் மாஸ்ரர்."

"இவன் அங்கையோ வேலை?"

"நாளைக்குத் தொடங்கிறன் மாஸ்ரர்" என்றார் செல்வரட்ணம்.

"என்ன வேலை?"

மாஸ்ரர் கேட்டது இராசரத்தினத்தை. மூன்று வருடமாக இந்த ஒரு பதிலுக்காகத்தான் அவர் காத்திருந்தார். மார்க்கத்தில், கேக்குக்கு முன்னால், நூறு பேருக்கு முன்னால் அதைச் சொல்லியிருப்பார். ஆனால் தங்கச்சியின் புருஷனை வக்யூம் தள்ள வைத்திருக்கிறேன் என்று வின்சன்ற் மாஸ்ரரின் முகத்துக்கு நேரே சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை.

"பாட்னர், மாஸ்ரர்" என்றார். "என்ரை பாட்னர்."

"அப்பிடிச் சொல்லு!" என்று மாஸ்ரர் அவர் முதுகில் ஒன்று போட்டார். "அடுத்த கிழமை செலீனோடை வந்து பாக்கிறன், இரண்டு பேரும் எப்பிடி நடத்திறியள் எண்டு."

சொன்னபடி வந்தார். அதற்கடுத்த கிழமையும் வந்தார். எட்டு வருடம், மாதத்துக்கு இரண்டு தரம் வந்தார். ஆகவே இராசரத்தினம் இரண்டாவது மேசையும், இரண்டாவது கதிரையும், கதவில் இரண்டாவது பெயரும் போட வேண்டியதாயிற்று. பெயர்ப் பலகையை மாட்டிய அன்று செல்வரட்ணம் ஒரு வக்யூம் கிளீனரைத் தொட்டுக் கும்பிட்டதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் இராசரத்தினம் ஒன்றும் கேட்பதில்லை. கேக்கை வெட்டி, முதல் துண்டை மச்சானுக்கு நீட்டிவிட்டு, வேறு பக்கம் பார்ப்பார்.

செல்வரட்ணம் பிறகு பிக்கரிங்கில் வீடு வாங்கினார். அங்கே வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவில், அருள்மலர் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, தன் வாழ்நாளில் முதன்முறையாகச் சைக்கிள் பழகத் தொடங்கினார். இன்னும் பலன்ஸ் வரவில்லை.